இங்கிலீஷ் பாட்டில் ஃபிகர் ஆஃப் ஸ்பீச்: பட்டியலை ஒப்பித்தால் போதுமா?

கேள்வி – ஜூலை 12, மாலை 6.20

என் மகள் புதுச்சேரியில் அரசுப் பள்ளியில் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். சிமிலி, மெட்டஃபர், அலிட்டரேஷன் என்று இங்கிலீஷ் அணிகளின் பெயர்கள் முப்பதுக்கும் மேல் உள்ள ஒரு தாள் வைத்திருக்கிறாள். விளக்கமெல்லாம் மடமடவென்று ஒப்பிக்கிறாள். பாடத்தில் இல்லாத நாலு வரியைக் கொடுத்து இதில் என்ன இருக்கிறது என்று கேட்டால் முழிக்கிறாள். டியூஷன் சாரிடம் சொன்னால், "எந்த வரிக்கு எது என்று கைடிலேயே போட்டிருக்கிறது, அதைப் படித்தால் மார்க் வந்துவிடும், புரிவதெல்லாம் காலேஜில் பார்த்துக்கொள்ளலாம்" என்கிறார். எங்களுக்கு இங்கிலீஷ் அவ்வளவாக வராது. அவர் சொல்வது சரிதானா?

ஜூலை 12, இரவு 9.45

மார்க் கணக்கில் பார்த்தாலும் சரியில்லை. புதுச்சேரி அரசுப் பள்ளிகள் சி.பி.எஸ்.இ.க்கு மாறிவிட்டன. வரிகளைக் கொடுத்துவிட்டு அவற்றிலிருந்தே கேட்கிற கேள்விகள் அங்கே உண்டு. பெயரை மட்டும் தெரிந்துவைத்திருக்கும் பிள்ளை பாதி வழியில் நின்றுவிடும்.

நான் கடலூர் மஞ்சக்குப்பத்தில் வீட்டில் வைத்து இங்கிலீஷ் சொல்லித்தருகிறேன். பாகூர், கிருமாம்பாக்கம் பக்கமிருந்து வருகிறவர்கள் சி.பி.எஸ்.இ., உள்ளூர்ப் பிள்ளைகள் தமிழ்நாட்டுப் பாடத்திட்டம். புத்தகம்தான் வேறு, தடுமாறுகிற இடம் ஒன்றே. இதெல்லாம் இங்கிலீஷுக்கே உரிய புதுச் சங்கதி என்று நினைத்துப் பயப்படுகிறார்கள். தமிழ் வகுப்பில் வருஷக்கணக்காகப் படித்துவருவதுதான் இது என்று யாரும் அவர்களிடம் சொல்வதில்லை.

மகளிடம் அந்தத் தாளை ஓரமாக வைக்கச் சொல்லுங்கள். எங்கள் கடலூர் மாவட்டத்துத் திருவாமூரில் பிறந்த அப்பர் பாடிய 'மாசில் வீணையும்' பாட்டு அவளுக்குத் தெரிந்திருக்கும். ஈசனின் திருவடி நிழல் எப்படி இருக்கிறது? குற்றமில்லாத வீணை, மாலை நிலா, வீசும் தென்றல், இளவேனில், வண்டு மொய்க்கும் பொய்கை. என்ன அணி என்று கேட்டால் உவமை என்று உடனே சொல்வாள். அடுத்த கேள்வி கேளுங்கள்: இத்தனையும் ஏன் குளிர்ந்த, இதமான பொருள்களாகவே இருக்கின்றன? அப்பரைச் சுண்ணாம்புக் காளவாயில் அடைத்தபோது பாடிய பாட்டு என்று பெரியபுராணம் சொல்கிறது. சுற்றிலும் நெருப்பு, வாயில் தென்றலும் பொய்கையும்.

'உவமை' என்பது பெயர். 'காளவாயின் நடுவே குளிர்ச்சியை அடுக்குகிறார், அதனால் அவர் நெருப்பை உணரவே இல்லை என்பது நமக்குத் தெரிகிறது' என்பது விடை. இங்கிலீஷ் கேள்வித்தாளில் 'எஃபெக்ட்' என்று கேட்பது இதைத்தான்.

ஜூலை 13, காலை 7.10

சிமிலிக்கு 'லைக்', 'ஆஸ்' இரண்டையும் தேடு என்று எல்லாக் கைடிலும் இருக்கிறது. தேடலாம், ஆனால் கண்ட இடமெல்லாம் சிமிலி என்று எழுதக் கூடாது. 'ஐ லைக் மேங்கோஸ்' என்பதில் உள்ள லைக்குக்கு விருப்பம் என்று பொருள். 'ஆஸ் ஐ வாஸ் வாக்கிங்' என்பதில் உள்ள ஆஸ் நேரத்தைச் சொல்கிறது. 'ஷி லுக்ஸ் லைக் ஹெர் சிஸ்டர்' என்பதில் ஒப்புமை இருக்கிறது, சிமிலி இல்லை. தங்கை அக்காவைப் போல இருப்பது வெறும் செய்தி. வேறு வேறு இனத்துப் பொருள்கள் இரண்டு பக்கத்தில் பக்கத்தில் வந்து நின்றால்தான் உவமை.

ஜூலை 13, இரவு 10.05

கேட்டவர் மறுபடி எழுதியிருக்கிறார். மகள் அதிகம் சொதப்புவது அலிட்டரேஷனிலாம். எனக்கு ஆச்சரியமில்லை, இங்கே கொஞ்சம் நிதானமாக உட்கார வேண்டும்.

அலிட்டரேஷன் என்றால் மோனை என்று சொல்லிக்கொடுத்துவிடுகிறோம். தொடக்கத்துக்கு அது சரிதான். ஆனால் தமிழ் மோனையின் கணக்கு வேறு. க என்ற எழுத்துக்கு கா, கை, கௌ மோனையாக வரும். கி, கீ, கெ, கே தனிக் கூட்டம். கு, கூ, கொ, கோ இன்னொரு கூட்டம். ச–த, ஞ–ந, ம–வ இவற்றுக்கும் உறவு உண்டு. தமிழ் வகுப்பில் நன்றாகப் படிக்கும் பிள்ளை இந்தக் காதோடுதான் இங்கிலீஷ் பாட்டுக்கு வருகிறது. கேட் (பூனை), கூல், கப் என்று மூன்று வார்த்தைகளைப் பார்த்தால், உயிர் வேறுவேறாக இருக்கிறதே, மோனை இல்லை என்று விட்டுவிடும். இங்கிலீஷில் மூன்றும் அலிட்டரேஷன்தான். முதல் மெய்யொலி ஒன்றாக இருந்தால் போதும், பின்னால் வரும் உயிரைப் பற்றிக் கவலையில்லை.

மறுபக்கம் எழுத்து ஏமாற்றும். பாகூர்ப் பிள்ளை ஒருத்தி பென்சிலால் ஒவ்வொரு வார்த்தையின் முதல் எழுத்தையும் வட்டமிட்டுக்கொண்டே போனாள். நைஃப், நீ, கிங், கைட். கத்திக்கும் முழங்காலுக்கும் கே எழுத்தில்தானே ஸ்பெல்லிங் தொடங்குகிறது, நாலும் ஒரே கூட்டம் என்று எழுதிவிட்டாள். புத்தகத்தை மூடச் சொல்லிவிட்டு நான் அந்த நாலையும் வாசித்தேன். இரண்டாவது வார்த்தையிலேயே கையைத் தூக்கி, "முதல் ரெண்டும் ந, கடைசி ரெண்டும் க" என்றாள். அவ்வளவுதான் பாடம். ஃபோனும் ஃபேனும் அலிட்டரேஷன், ஸ்பெல்லிங் வேறானாலும். சிட்டியும் கேட்டும் கிடையாது, இரண்டும் சி எழுத்தில் தொடங்கினாலும். கடலும் கப்பலும், அதாவது ஸீயும் ஷிப்பும், எஸ் எழுத்தில்தான் தொடங்குகின்றன. ஒலி இரண்டு.

ரைம் ஸ்கீமுக்கும், அதாவது எந்த வரி முடிவு எதோடு ஒலியில் ஒத்துப்போகிறது என்ற வரிசைக்கும், இதே விதி. ஏ, ஏ, பி, பி என்று போடும்போது கண்ணை நம்பக் கூடாது. 'கம்', 'ஹோம்' இரண்டும் தாளில் ஒன்று போலவே முடியும், காதில் முடியாது. 'ரைட்' (எழுது), 'ஹைட்' (உயரம்) தாளில் ஒட்டாது, காதில் கச்சிதமாக ஒட்டும். நம் இயைபில் எழுத்தும் ஒலியும் பெரும்பாலும் ஒன்றாகவே போய்விடுவதால் இந்தச் சிக்கல் நமக்குப் பழக்கமில்லை.

பாட்டை வாய்விட்டுப் படிக்க வேண்டும். கேள்விக்கு முன், கைடுக்கு முன்.

ஜூலை 15, இரவு 8.30

மேலே சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். வாய்விட்டுப் படிக்கிற வாய் ஷ–வையும் ஸ–வையும் ச–வாக்கிவிட்டால் காதும் அதையே நம்பிவிடும். வீட்டில் யாருக்கும் உச்சரிப்பு நிச்சயமில்லை என்றால் செல்போன் அகராதியில் ஒலிபெருக்கிப் படம் இருக்கும், தொட்டால் சொல்லும். சந்தேகமான வார்த்தைகளை மட்டும் அப்படிக் கேட்டுப் பாட்டின் ஓரத்தில் தமிழில் எழுதிவைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். தமிழில் எழுதுவதில் எந்தக் குறைவும் இல்லை.

ஜூலை 16, மதியம் 1.15

"இங்கிலீஷ் அணிக்கு நேர் தமிழ் அணி போட்டு ஒரு அட்டவணை தாருங்கள்" என்று ஒருவர் கேட்கிறார். தரமாட்டேன். அட்டவணை கொடுத்தால் அதையும் ஒப்பிப்பார்கள். பொருந்துகிற இடம் எவ்வளவு முக்கியமோ, பொருந்தாத இடமும் அவ்வளவு முக்கியம். அவற்றை ஒவ்வொன்றாக எழுதுகிறேன்.

ஜூலை 18, இரவு 9.20

மலர்முகம், முகமலர். பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு இந்த வித்தியாசம் தெரியும். முதலாவது உவமைத்தொகை, 'போன்ற' மறைந்திருக்கிறது. இரண்டாவது உருவகம், முகமே மலராகிவிட்டது. சொல்லின் வரிசையை மாற்றியே உவமையை உருவகமாக்கிவிடுகிற வசதி நம்மிடம் இருக்கிறது.

இங்கிலீஷில் இந்தக் கணக்கு ஓடாது. 'லைக்' போன்ற ஒப்புமைச் சொல் வெளியே தெரிந்தால் சிமிலி, மறைந்தால் மெட்டஃபர். அதனால் தமிழில் தேர்ந்த பிள்ளை, 'லைக்' மறைந்திருக்கிறது என்று யோசித்து மெட்டஃபரைச் சிமிலி என்று எழுதும். யோசனையில் பிழை இல்லை, விதிதான் ஊருக்கு ஊர் மாறுகிறது. அந்தப் பிள்ளையிடம் "தப்பு" என்று மட்டும் சொல்லி அடித்துவிடும் ஆசிரியரை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். எவ்வளவு நுட்பமாக யோசித்து அங்கே வந்து சேர்ந்திருக்கிறது!

ஜூலை 18, இரவு 9.50

அதே பேச்சில் இன்னொன்று. சி.பி.எஸ்.இ. பத்தாம் வகுப்பில் மூடுபனியைப் பற்றி கார்ல் சாண்ட்பர்க் எழுதிய கவிதை இருக்கிறது, ஆறே வரி. மூடுபனி பூனைக் காலில் வருகிறது, துறைமுகத்தையும் ஊரையும் பார்த்தபடி உட்கார்கிறது, எழுந்து போய்விடுகிறது. என்னிடம் வருகிறவர்களில் பலர் இதைப் பெர்சானிஃபிகேஷன் (மனிதரல்லாததை மனிதராக்குவது) என்று எழுதுகிறார்கள். உட்காருகிறது, பார்க்கிறது என்பதைக் கண்டதும் கை தானாக எழுதிவிடுகிறது. பூனை மனிதரா? பனியைப் பூனையாகவே ஆக்கியிருக்கிறார், 'லைக்' இல்லை, ஆகவே மெட்டஃபர். ஒரே உருவகம் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை நீள்வதால் எக்ஸ்டெண்டட் மெட்டஃபர்.

மார்கழிக் காலையில் முதுநகர்த் துறைமுகப் பக்கம் போயிருக்கிற பிள்ளைக்கு இதை விளக்கவே வேண்டாம். படகு, கரை எதுவும் தெரியாது. வந்த சத்தமும் கேட்காது, போன சத்தமும் கேட்காது. பூனையை ஏன் பிடித்தார் என்பதற்கு அதுதான் பதில்.

ஜூலை 21, இரவு 10.30

மெட்டானமி, சினெக்டகி. பெயரைக் கேட்டதும் பிள்ளைகளுக்கு முகம் வாடிவிடும். ஆகுபெயர் என்றால் சிரிப்பார்கள், ஏனென்றால் அது தெரியும்.

'தலைக்கு ஒரு பழம் கொடு' என்கிறோம். தலை என்பது ஆளைக் குறிக்கிறது, சினையாகு பெயர். கப்பலில் 'ஆல் ஹேண்ட்ஸ் ஆன் டெக்' என்று கூப்பிட்டால் கை மட்டும் மேல்தளத்துக்குப் போகாது, ஆட்கள் போவார்கள். சினெக்டகி. 'முல்லை சூடினாள்' என்பதில் முழுச் செடியின் பெயர் பூவுக்கு ஆகி வருகிறது, பொருளாகு பெயர். அதுவும் சினெக்டகிதான். உறுப்பைச் சொல்லி முழுமையைக் குறிப்பதும் முழுமையைச் சொல்லி உறுப்பைக் குறிப்பதும் அந்த ஒரே பெயரில் அடங்கும்.

'டெல்லி சம்மதிக்கவில்லை' என்றால் இடவாகு பெயர். டெல்லி அரசாங்கத்தின் உறுப்பு கிடையாது, அது இருக்கிற இடம். இப்படித் தொடர்பால் வருவது மெட்டானமி. பகுதியா, தொடர்பா என்று கேட்டுப் பார்த்தால் பெரும்பாலும் பிரிந்துவிடும்.

ஒரு விதிவிலக்கு. 'காளை வந்தான்' என்பதும் நமக்கு ஆகுபெயர், உவமையாகு பெயர். இங்கிலீஷில் அது மெட்டஃபர் பக்கம் போய்விடும், ஏனென்றால் காளைக்கும் அவனுக்கும் ஒப்புமை தவிர வேறு தொடர்பு இல்லை.

ஜூலை 22, காலை 6.50

டிரான்ஸ்ஃபர்ட் எபிதெட் பற்றிக் கேட்டவருக்கு.

2011 டிசம்பர் 30 அதிகாலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்தது. பக்கத்து வீட்டுத் தகர ஷீட் ஒன்று ஆணி பிடுங்கிக்கொண்டு சுவரில் அடித்துக்கொண்டே இருந்தது, விடிந்து பார்த்தால் தெருவில் ஒரு முருங்கை மரம்கூட நிற்கவில்லை. பண்ருட்டிப் பக்கம் பலா மரமும் முந்திரி மரமும் சாய்ந்து கிடந்ததைப் பார்த்துப் பெரியவர்கள் அழுதார்கள். இன்றைக்கும் எங்கள் தெருவில் அதைத் 'தூக்கமில்லாத ராத்திரி' என்பார்கள்.

தூக்கமில்லாமல் இருந்தது யார்? நாங்கள். ராத்திரிக்கு ஏது தூக்கம்? ஆளுக்குரிய அடைமொழி பக்கத்தில் இருக்கிற பொருளின் மேல் போய் உட்கார்ந்துகொண்டது. 'ஸ்லீப்லெஸ் நைட்' அதேதான். 'கடலூரே தூங்கவில்லை' என்றால் மெட்டானமி, முந்தைய குறிப்பைப் பாருங்கள். 'வானமே இடிந்து விழுந்தது' என்றால் ஹைப்பர்போலி, உயர்வு நவிற்சி. ஒரே ராத்திரியைப் பற்றி மூன்று விதமாகப் பேசலாம் என்று காட்டினால் பிள்ளைகளுக்கு வேறுபாடு பளிச்சென்று விளங்கிவிடுகிறது.

ஜூலை 22, காலை 7.05

'பளிச்' என்று எழுதியதும் ஞாபகம் வருகிறது. இரட்டைக்கிளவி எல்லாம் ஆனமட்டோபியா (ஒலியைப் போலவே ஒலிக்கும் சொல்) என்று நினைக்க வேண்டாம். சலசல, மடமட, கீச்கீச் இவற்றில் ஒலி இருக்கிறது. பளபள ஒளி, வழவழ தொடுகை. இங்கிலீஷ் கேட்பது ஒலியை மட்டும்: பஸ் (வண்டின் ரீங்காரம்), ஹிஸ், ஸ்ப்ளாஷ்.

ஜூலை 26, இரவு 9.10

பெர்சானிஃபிகேஷனும் தற்குறிப்பேற்ற அணியும் ஒன்றா என்று ஒரு பள்ளி ஆசிரியர் கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி. சிலப்பதிகாரத்தில் மதுரைக் கோட்டைக் கொடிகள் காற்றில் அசைகின்றன. அது இயல்பாக நடப்பது. கோவலனையும் கண்ணகியையும் 'வராதீர்கள்' என்று கை காட்டுவது போல அசைந்தன என்று கவிஞர் தன் குறிப்பை அதன் மேல் ஏற்றுகிறார். கொடிக்குக் கை வந்துவிட்டது, அதனால் பெர்சானிஃபிகேஷன் அதற்குள் இருக்கிறது. ஆனால் இயல்பான ஒரு நிகழ்ச்சிக்குக் கவிஞர் காரணம் கற்பிக்க வேண்டும் என்பது தமிழின் நிபந்தனை. இங்கிலீஷில் அந்த நிபந்தனை இல்லை. காற்று பெருமூச்சு விட்டது என்று சொன்னாலே போதும். ஆகவே தமிழில் இருந்து இங்கிலீஷுக்குப் போகலாம், திரும்பி வரும்போது கவனம் தேவை.

அதே காப்பியத்தில் டிராமாட்டிக் ஐரனிக்கும் இடம் இருக்கிறது. கோவலன் சிலம்பை எடுத்துக்கொண்டு பொற்கொல்லனிடம் போகிறான். அரசியின் சிலம்பைத் திருடியவன் அந்தப் பொற்கொல்லன்தான் என்று நமக்குத் தெரியும், கோவலனுக்குத் தெரியாது. மரியாதையாக விலை கேட்கிறான். படிக்கும் நமக்கு நெஞ்சு பதறுகிறது. பார்ப்பவருக்குத் தெரிந்தது பாத்திரத்துக்குத் தெரியாமல் இருப்பது, அதுதான் டிராமாட்டிக் ஐரனி. வஞ்சப் புகழ்ச்சி வேறு, அது பேச்சில் வரும் வெர்பல் ஐரனி. தீயணைப்பு நிலையமே தீப்பிடித்தால் சிச்சுவேஷனல். 'ஐரனி' என்று மொட்டையாக எழுதிவிட்டு வராமல், எந்த வகை என்று சேர்த்து எழுதச் சொல்லுங்கள்.

'அசைட்' என்பது தெருக்கூத்து பார்த்த பிள்ளைக்குச் சுலபம். ராஜா மேடையில் நிற்கும்போதே கட்டியங்காரன் நம் பக்கம் திரும்பி ஒன்று சொல்வான், ராஜாவுக்குக் கேட்காது. அதுதான். சொலிலோக்வி என்பது தனியாக நின்று மனதில் உள்ளதை வாய்விட்டுச் சொல்வது.

ஜூலை 27, மாலை 5.40

பிளாங்க் வெர்ஸ், ஃப்ரீ வெர்ஸ் குழப்பம். முதலாவதில் இயைபு இல்லை, சந்தம் உண்டு, வரிக்கு ஐந்து சீர். இரண்டாவதில் இரண்டுமே கட்டாயம் இல்லை. புதுச்சேரியில் பத்தாண்டுகள் வாழ்ந்த பாரதி வசன கவிதையும் எழுதினார், ஃப்ரீ வெர்ஸுக்கு அதை நினைத்துக்கொண்டால் மறக்காது.

ஆகஸ்ட் 3, இரவு 10.15

இத்தனை நாளும் அணிகளையே பேசிவிட்டோம். எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமாகத் தோன்றுவது 'ஸ்பீக்கர்' (பாட்டில் பேசுகிறவர்) என்கிற சொல். அது அந்தப் பட்டியல்களில் பாதிக்கு மேல் இருப்பதே இல்லை.

பிள்ளைகள் எழுதும் விடையைப் பாருங்கள். 'தி போயட் இஸ் சேட்', 'தி போயட் லாஸ்ட் ஹிஸ் பால்'. பாட்டில் 'ஐ' என்று வந்தால் அது கவிஞர்தான் என்று முடிவு. இதே பிள்ளை மறுநாள் தமிழ் வகுப்பில் குறுந்தொகைப் பாட்டுக்கு முதல் வேலையாக 'தலைவி கூற்று', 'தோழி கூற்று' என்று எழுதும். கபிலர் ஆண். தலைவியின் குரலில் பாடியிருக்கிறார். கபிலர் காதலனுக்காக ஏங்கினார் என்று எந்த மாணவராவது எழுதியதுண்டா? யார் சொன்னது, யாரிடம் சொன்னது, எந்தச் சூழலில் சொன்னது என்று பிரித்துப் பார்க்கிற பழக்கம் நம் பிள்ளைகளுக்குக் கைவந்தது. இங்கிலீஷ் பாட்டைத் திறந்ததும் அதை வாசலிலேயே விட்டுவிட்டு வருகிறார்கள்.

இப்போதெல்லாம் எந்த இங்கிலீஷ் பாட்டை எடுத்தாலும் மேலே ஒரு வரி தமிழில் எழுதச் சொல்கிறேன்: இது யார் கூற்று? ஒரு பையன் 'பந்தைத் தொலைத்த சிறுவனைப் பார்த்து நிற்கும் பெரியவர் கூற்று' என்று எழுதினான். அந்த ஒரு வரியிலேயே டோன் என்ன என்பதும் வந்துவிட்டது. பேசுகிறவரின் மனநிலை டோன். படிக்கிறவருக்கு ஏற்படுவது மூட். பேசுகிறவர் யார் என்று தெரியாமல் டோனை எப்படி எழுதுவது?

செட்டிங்கும் அப்படித்தான். நெய்தல் என்றால் கடலும் கடல் சார்ந்த இடமும், உரிப்பொருள் இரங்கல். இடமும் உணர்வும் சேர்ந்தே வரும் என்று நமக்கு ஏற்கெனவே தெரியும். இங்கிலீஷ் பாட்டில் கடற்கரை வந்தால் 'செட்டிங்: பீச்' என்று நிறுத்தாமல், இந்த இடத்தை ஏன் வைத்தார், இங்கே என்ன உணர்வு என்று இன்னொரு வாக்கியம் எழுத வேண்டும். தேவனாம்பட்டினத்தில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் இருக்கிற கடற்கரை வேறு, விடியலில் வலை உலர்த்துகிற கடற்கரை வேறு.

ஆகஸ்ட் 4, காலை 6.30

கேட்ட பெற்றோருக்கு: காலாண்டுக்கு முன் நேரம் குறைவு என்கிறீர்கள். முப்பதையும் தொட வேண்டாம். சிமிலி, மெட்டஃபர், பெர்சானிஃபிகேஷன், அலிட்டரேஷன், ரைம் ஸ்கீம், ஸ்பீக்கர், டோன் இவ்வளவு போதும். ஒரு நாளைக்கு ஒரு பாட்டு. வாய்விட்டுப் படிப்பது, மேலே 'யார் கூற்று' என்று எழுதுவது, பிறகு இரண்டு வரி விடை. விடையில் மூன்று சங்கதி இருக்க வேண்டும்: அணியின் பெயர், பாட்டிலிருந்தே எடுத்த அந்த வார்த்தைகள், அது அங்கே என்ன செய்கிறது. மூன்றாவதை முதலில் தமிழில் உங்களிடம் வாயால் சொல்லட்டும். உங்களுக்கு இங்கிலீஷ் வராவிட்டாலும், அவள் சொல்வது பொருந்துகிறதா என்று கேட்டே உங்களால் கண்டுபிடிக்க முடியும். பொருந்தினால் அதை இங்கிலீஷில் எழுதச் சொல்லுங்கள். மெட்டானமி, சினெக்டகியை அரையாண்டு விடுமுறைக்கு வைத்துக்கொள்ளலாம்.